வார் கழன்ற உடம்பு

"ஏண்டி வீரம்மா, ஒம் புருசனுக்கு மறுபடியும் நலுங்கு வச்சீங்களா? கழுத்து, காதெல்லாம் மஞ்சளா மினுக்குறாரே!"

மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குடத்தை வைத்துவிட்டு மீனம்மா இப்படிக் கேட்டதும் தண்ணீருக்கு நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வீரம்மாவும் சிரித்தாள். வரிசை அறைகளாகக் கட்டிய அந்த லயத்தில், பக்கத்துக் காம்பராக்காரியான மீனம்மாவின் வாயை அடைக்க யாராலும் முடியாது. ஆனால் அந்த வாயில் விஷம் கிடையாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"நலுங்கும் இல்ல, நாத்தமும் இல்லக்கா. புல்லு மருந்துதான். எத்தன சவுக்காரம் போட்டாலும் போகமாட்டேங்குது."

"போகாட்டி என்னா? மஞ்ச மங்களந்தானே. நீ ஒரு பக்கம் மஞ்ச பூசு, அவரு ஒரு பக்கம் பூசட்டும்."

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, மலையை ஒட்டியிருந்த தோட்டத்தின் மேற்கணக்கு என்ற மேல்பிரிவில் அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசி மாதம் இந்தப் பேச்சு நடந்தது. அதுவரைக்கும் தேயிலைக்கு நடுவே முளைக்கிற புல்லைச் சுரண்டியால் சுரண்டித்தான் எடுப்பார்கள். அந்த வருஷம் தகர டின்களில் ஒரு மருந்து வந்து இறங்கியது. தண்ணீரில் கலந்தால் நல்ல மஞ்சளாக இருக்கும். காலையில் அடித்தால் மறுநாள் புல் வெந்து கருகிக் கிடக்கும். துரை பார்த்தார், கண்டாக்கு ஐயா பார்த்தார், எல்லோருக்கும் திருப்தி. சோதித்துப் பார்க்கிற வேலைக்கு இரண்டு பேரைக் காலையில் ஆள் எடுக்கிற பிரட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவன் வீரம்மாவின் புருஷன் கந்தப்பன். மற்றவன் கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கும் மூக்கன்.

மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறுவது லேசான வேலை இல்லை. தகர விளிம்பு முதுகை அறுக்கும். அதனால் இரண்டு பேரும் தோட்டத்தில் கொடுத்த கறுப்புக் கம்பளியை நாலாய் மடித்து முதுகுக்கும் டாங்கிக்கும் நடுவே கொடுத்துக்கொண்டார்கள். மழை வந்தால் அதையே விரித்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். டாங்கியின் மூடி ஓரத்தில் சொட்டுகிற மருந்தையெல்லாம் அந்தக் கம்பளி குடித்தது. கறுப்புக் கம்பளியில் மஞ்சள் தெரியுமா? தெரியவில்லை. அந்த மழைக்காலத்தில் கம்பளியைத் துவைத்தால் காய்வதற்கு வாரக்கணக்காகும். யாரும் துவைப்பதில்லை. பகலில் முதுகில் இருந்த கம்பளியை இரவில் போர்த்திக்கொண்டு படுப்பதுதான் அந்த மலையில் எல்லோருடைய வழக்கமும்.

கந்தப்பனுக்குப் பசி கூடியது. முன்பெல்லாம் இரண்டு ரொட்டியோடு எழுந்துவிடுகிறவன் இப்போது சட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வீரம்மா தன் பங்கில் பாதியைப் பிட்டு வைத்தாள். அதுவும் போயிற்று.

"ஒடம்புல ஒட்டுதான்னு பாத்தா ஒட்டவும் காணோம்," என்றாள் மீனம்மா. "வயித்துக்குள்ள ஒரு புழுக்கூட்டம் குடியிருக்கு போல. அவுகளுக்கும் சம்பளத்துக்குப் பேர் போடச் சொல்லு கணக்கப்பிள்ளைய."

கந்தப்பன் சிரித்தான். சிரிக்கும்போது அவன் கன்னத்தில் விழுந்த குழியை வீரம்மா கவனித்தாள். அது முன்பு இருந்த குழி இல்லை. தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை நின்றது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். "மேலு சூடா இருக்கு புள்ள," என்று ஒருநாள் சொன்னான். "ஆனா ஒரு சொகம். குளிரே தெரியல."

ஒரு சனிக்கிழமை வேலைவிட்டு வந்தவன் வாசற்படியில் உட்கார்ந்தான். எழுந்திருக்க முடியவில்லை. தொட்டுப் பார்த்தாள், அடுப்புக் கல்லைத் தொட்டது போல இருந்தது.

வீரம்மா மழையில் டிஸ்பென்சரிக்கு ஓடினாள். மருந்து கொடுக்கும் முத்துலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். கோபிக்கவும் மாட்டார். "காய்ச்சல் ஊர் முழுக்கத் திரியுது. இந்தக் குளிசையைக் குடு. வடிவாப் போர்த்துப் படுக்க வை. வேர்த்தால் இறங்கிவிடும்," என்றார்.

போர்த்துவதைப் பற்றி வீரம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு பெண் பிறந்து நடை பழகும் வயதில் காய்ச்சலில் போனாள். தூக்கத்தில் போர்வையைத் தள்ளிவிட்டாள், குளிர் தாக்கிச் சன்னி கண்டுவிட்டது என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சொல் வீரம்மாவின் நெஞ்சில் ஆணியாக இறங்கியிருந்தது. அன்றிலிருந்து அந்தக் காம்பராவில் யார் தும்மினாலும் அவள் கை முதலில் கம்பளியைத் தேடும்.

கந்தப்பனைக் கழுத்துவரை கம்பளியால் சுற்றினாள். தன்னுடைய கம்பளியையும் மேலே போட்டாள். கொத்தமல்லித் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாள். அடுப்பை அவன் கால்மாட்டிலேயே எரியவிட்டாள்.

ஞாயிறு விடிந்தும் சூடு இறங்கவில்லை. வியர்வை பாயை நனைத்தது. அந்த வியர்வையும் மஞ்சளாக இருந்தது. மூச்சு, மேடேறுகிறவனுடையது போல வாங்கியது. படுத்துக் கிடக்கிறவன் எந்த மேட்டை ஏறுகிறான்?

"எடு புள்ள... எரியுது... கம்பளிய எடு."

"காச்சலுக்கு அப்பிடித்தாங்க இருக்கும். பொறுத்துக்கங்க."

அவன் காலால் தள்ளுவான். அவள் இழுத்துப் போர்த்துவாள். மறுபடி தள்ளுவான். பிதற்றுகிறான் என்று நினைத்தாள். மாரியம்மனை வேண்டிக்கொண்டு, தன் உடம்பையே பாரமாக வைத்துக் கம்பளியின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அன்பைக் காட்ட அந்த ஒரு வழிதான் தெரிந்திருந்தது. தெரிந்த வழியில் முழு மனதோடு போனாள்.

மதியத்துக்குச் சற்று முன்னால் வாசலில் குடை ஒன்று மடங்கியது. முத்துலிங்கம் நின்றார். டிஸ்பென்சரி ஐயா லயத்துக்கு வருவது அபூர்வம். வீரம்மா பதறி எழுந்தாள்.

"கோயிலுக்கு வந்தனான். நேற்று நீ அந்த மழைக்குள்ள திரும்பிப் போனது மனசுக்குள்ள நிண்டுது. பாத்திட்டுப் போவம் எண்டு வந்தன்."

குனிந்து கந்தப்பனின் கையைப் பிடித்தவர் முகம் மாறியது. நாடியைப் பார்த்தார். கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். பிறகு, தண்ணீர்ச் செம்பை நீட்டிய வீரம்மாவின் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"என்ன, மஞ்சள் பூசினனியோ?"

"இல்லீங்களே. அவுக வுழுந்ததுலேர்ந்து நான் குளிக்கவே இல்லீங்க."

"அப்ப கையில என்ன?"

வீரம்மா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் மஞ்சள். பெண்பிள்ளையின் கையில் மஞ்சள் இருந்தால் யார்தான் ஏன் என்று கேட்பார்கள்? அவளே கேட்டதில்லை. "கம்பளிய அழுத்திப் புடிச்சுக்கிட்டு இருந்தேன்..." என்றாள்.

முத்துலிங்கம் கம்பளியின் ஓரத்தைத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் வைத்துத் தேய்த்தார். கைக்குட்டை மஞ்சளாயிற்று. அவர் குடையைக்கூட எடுக்காமல் வெளியே இறங்கி நடந்தார். ஆபீசில் ஒரு டெலிபோன் உண்டு.

அவர் திரும்பி வரும்போது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேட்டில் ஓடிவந்ததில் மூச்சு இரைத்தது.

"கம்பளியை எடு. ரெண்டையும் எடு. அடுப்பை அணை."

வீரம்மாவின் கை அசையவில்லை. "ஐயா... சன்னி வந்துருமுங்க."

"பெரிய ஆஸ்பத்திரி டாக்குத்தரோட கதைச்சிட்டு வாறன். இது காய்ச்சல் இல்லை. அந்த மஞ்சள் மருந்து தோலாலே உள்ளுக்குப் போயிருக்கு."

"புல்லுக்கு அடிக்கிற மருந்து மனுசன என்னங்க செய்யும்?"

அவர் அவளை அதட்டியிருக்கலாம். நேரம் அப்படிப்பட்ட நேரம். ஆனால் கைகால் விளங்காமல் நிற்கிற ஒருத்தியை அதட்டினால் இன்னும் உறைந்துதான் போவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"நீ தேயிலை அரைக்கிற ஸ்டோரில குச்சி பொறுக்கிற வேலைதானே? எஞ்சின் ஓடுறதைப் பாத்திருப்பாய். கொழுந்து அரைக்கிற ரோதையும் சுத்தும். ரெண்டையும் சேத்துப் பிடிக்கிறது என்ன?"

"தோலு வாருதானுங்க. நீட்டு வாரு."

"அது கழண்டு விழுந்தால்?"

"எஞ்சினு தறிகெட்டு ஓடுமுங்க. சூடேறிப் போகும். ரோதை நின்னுரும். கொழுந்து அப்பிடியே கெடக்கும்."

"அதுதான் இவனுக்கு நடக்குது. எங்கட உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறையள். ஒவ்வொரு அறைக்குள்ளயும் அதைவிடச் சின்ன எஞ்சினுகள் கனக்க இருக்கு. தின்னுற சோறு அதுக்குள்ள எரிஞ்சுதான் கைகாலுக்குப் பலம் வருது. இந்த மருந்து அந்த வாரைக் கழட்டி விட்டிடுது. சோறு எரியுது, கிடந்த சதையும் எரியுது. பலமா மாறுறதுக்கு வழியில்லை. எல்லாம் சூடாத்தான் போகுது. அவன் தின்னத் தின்ன மெலிஞ்சது அதாலேதான்."

"அது புல்லக் கொல்றதுதானுங்களே?"

"புல்லுக்குள்ளயும் அந்த எஞ்சினுதான் ஓடுது பிள்ளை. மண்புழுவுக்குள்ள, மாட்டுக்குள்ள, உனக்குள்ள, எனக்குள்ள, எல்லாத்துக்குள்ளயும் அதேதான்."

வீரம்மா புருஷனைப் பார்த்தாள். ஸ்டோரில் ஒருநாள் வார் அறுந்தபோது எஞ்சின் போட்ட கூச்சல் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு ஸ்டோர்க் காவல் தெய்வமான ரோதைமுனியைக் கும்பிட்டார்கள். அந்தக் கூச்சல்தான் இப்போது சத்தமில்லாமல் இந்தப் பாயில் நடக்கிறதா? அவ்வளவு சூட்டையும் வெளியே போகவிடாமல் அவளேதானா மூடி வைத்தாள்? எரியுது, எடு என்று அவன் எத்தனை தடவை சொன்னான்!

ஆண்டவன் ஒரே மாதிரி விளக்கைத்தான் புல்லுக்குள்ளும் மனுஷனுக்குள்ளும் ஏற்றி வைத்திருக்கிறான். ஒன்றை அணைக்கிற கைக்கு மற்றொன்று வேறு என்று தெரியாது. வீரம்மா இதை இப்படியெல்லாம் நினைக்கவில்லை. அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: அவன் பேச்சை நான் கேட்கவில்லை.

கம்பளிகளை உருவி வெளியே எறிந்தாள்.

"கொழுந்து லொறி தலவாக்கொல்லைக்குப் போயிருக்காம். பின்னேரந்தான் வரும். அதுவரைக்கும் உன்ர கையிலதான்," என்றார் முத்துலிங்கம். "சவுக்காரம் போட்டு மஞ்சள் முழுக்கக் கழுவு. உன்ர கையையும் கழுவு. பிறகு ஈரத்துணி போட்டுக்கொண்டே இரு. சூடேறினால் மாத்து. சீனித் தண்ணி குடிக்கக் குடு. அவனை எழும்ப விடாதே." சற்று நின்று, "நான் தந்த குளிசையையும் நிப்பாட்டு. அதுவும் இந்தச் சூட்டைக் கூட்டுமாம். எனக்குத் தெரியாமப் போச்சுது," என்றார்.

வீரம்மா கதவைத் திறந்து போட்டாள். மூடுபனி உள்ளே வந்தது. வேட்டி ஒன்றைக் கிழித்துப் பீலித் தண்ணீரில் நனைத்து அவன் மார்பில் போட்டாள். அந்த நேரத்துக்குள் செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது.

"என்னடி செய்யிற, பாவி!" மீனம்மா வாசலில் நின்று கத்தினாள். "காச்சக்காரன அம்மணமாப் போட்டு ஐஸ் தண்ணிய ஊத்துறியே! ஒரு புள்ளய எமனுக்கு எடுத்துக் குடுத்தது போதாதா?"

அந்தப் பேச்சு எங்கே தைக்கும் என்று மீனம்மாவுக்கும் தெரியும்; சொல்லி முடிப்பதற்குள் அவளே வாயில் கையை வைத்துக்கொண்டாள். வீரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஈரத்துணியை எடுத்தாள். சூட்டில் அது வெதுவெதுப்பாகியிருந்தது.

"அக்கா, தொட்டுப் பாரு."

மீனம்மா தயங்கி உள்ளே வந்து துணியைத் தொட்டாள். பிறகு கந்தப்பனின் மார்பைத் தொட்டாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். வீரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு தண்ணீர் நிற்கவில்லை. ஒரு குடம் தீர்வதற்குள் மறுகுடம் வந்தது. மீனம்மா சுமந்தாள், பக்கத்துக் காம்பரா பெண்கள் சுமந்தார்கள். ஒருத்தி சீனியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். அவள் வீட்டில் அந்த வாரத்துக்கு அவ்வளவுதான் இருந்திருக்கும். முத்துலிங்கம் காம்பராவுக்குள் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து துணி பிழிந்து கொடுத்தார். வெள்ளைக் கால்சட்டை முழங்கால்வரை நனைந்துவிட்டது. பெரிய காரியம் ஒன்றையும் யாரும் செய்யவில்லை. தண்ணீர் கொண்டுவந்தார்கள், பிழிந்தார்கள், மாற்றினார்கள்.

கந்தப்பன் கண்ணை மூடிக் கிடந்தான். மூச்சு மட்டும் ஓடியது. இடையில் ஒருமுறை அவன் விரல்கள் விறைத்தபோது வீரம்மாவின் கை தன்னால் துணிமூட்டைப் பக்கம் போயிற்று. எதையாவது எடுத்துப் போர்த்திவிட வேண்டும் என்று மனசு உள்ளுக்குள் கதறியது. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். போர்த்தாமல் உட்கார்ந்திருப்பது அவள் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே கடினமானது.

"இந்தக் குளிர்தான் இவனை இவ்வளவு நேரம் உயிரோட வச்சிருக்கு," என்றார் முத்துலிங்கம் மெதுவாக. "கீழ்நாட்டு வெக்கையெண்டால் நேற்றே முடிஞ்சிருக்கும் எண்டு டாக்குத்தர் சொன்னவர்."

பொழுது சாயத் தொடங்கியபோது மூச்சின் ஓட்டம் கொஞ்சம் தளர்ந்தது. துணி சூடாக நேரமெடுத்தது. கந்தப்பனின் உதடு அசைந்தது. வீரம்மா காதை வைத்துக் கேட்டாள்.

"குளிருது புள்ள."

"என்னாங்க?"

"குளிருதுங்கிறேன். சாவடிக்கப் பாக்குறியா?"

வீரம்மா முத்துலிங்கத்தைப் பார்த்தாள். அவர் கந்தப்பனின் நெற்றியில் புறங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார். "குளிரட்டும்," என்றார். "குளிர்றது நல்லது. ஆஸ்பத்திரியில இன்னும் சில நாள் வச்சுப் பாக்கவேணும். ஆனா குளிர்றது நல்லது."

"அடி ஆத்தா!" என்றாள் மீனம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொறந்ததுலேர்ந்து இந்தத் தோட்டத்துல குளிருதுன்னு அழுதிருக்கோம். ஒருத்தன் குளிருதுன்னதுக்குச் சந்தோசப்பட்டது இன்னிக்குத்தாண்டி!"

பெண்கள் சிரித்தார்கள். வீரம்மாவும் சிரித்தாள், சிரிப்பு அழுகையாக மாறிற்று. முகத்தைத் துடைக்கத் தலையைத் திருப்பினாள். வாசலுக்கு வெளியே, எல்லோருக்கும் பின்னால், மூக்கன் நின்றான்.

கந்தப்பனோடு டாங்கி சுமந்த அதே மூக்கன். போன வருஷம் அவன் ஆடு வீரம்மாவின் கீரைப் பாத்தியை மேய்ந்ததில் வாய்ச்சண்டை வந்து, அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. கறுப்புக் கம்பளியைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். நெற்றியில் வியர்வை நின்றது. தனியாக இருக்கிறவன், அவனுக்கு மஞ்சள் பூசியிருக்கிறதா என்று கேலி செய்யக்கூட யாரும் இல்லை.

வீரம்மா எழுந்து வெளியே வந்தாள்.

"அண்ணே, கம்பளிய எடுங்க."

"எனக்கென்னா? நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கந்தப்பனுக்கு எப்பிடி இருக்குன்னு..."

"இன்னிக்கு எத்தன செம்பு தண்ணி குடிச்சீங்க?"

மூக்கன் கம்பளியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவன் பயந்துபோயிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. தனக்கு என்ன வந்திருக்கிறது என்று அவன் வெளியே நின்றே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான். உள்ளே வரத்தான் கால் எழவில்லை. அவள் மேற்கொண்டு கேட்காமல் தானே கம்பளியைப் பிடித்து உருவினாள். அவன் தடுக்கவில்லை. கழுத்து, தோள், முதுகு எல்லாம் மஞ்சளாக இருந்தது.

"ஐயா, இங்கயும் ஒருத்தரு இருக்காருங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகு மூக்கனிடம், "படியில உக்காருங்கண்ணே. நடக்கக்கூடாது. மீனம்மாக்கா, அந்தச் சவுக்காரத்தக் குடு. நல்ல தண்ணி ஒரு கொடம்," என்றாள்.

"ஆடு வளக்குற ஐயாவுக்கு நான் முதுகு தேய்க்கவா?" என்றாள் மீனம்மா. சொல்லிக்கொண்டே சேலையை இழுத்துச் செருகிக் குடத்தைத் தூக்கினாள்.

மூக்கன் தலையைக் குனிந்துகொண்டு படியில் உட்கார்ந்தான். குளிர்ந்த தண்ணீர் தோளில் விழுந்ததும் அவன் உடம்பு ஒருமுறை உதறிற்று. "நல்லாருக்கு," என்றான், சின்னப் பிள்ளை போல.

இருட்டுவதற்கு முன்னால் கொழுந்து லொறி ஏறிவந்தது. கந்தப்பனைப் பலகை ஒன்றில் கிடத்தித் தூக்கி வைத்தார்கள். மூக்கனை இரண்டு பேர் தாங்கி ஏற்றினார்கள். முத்துலிங்கம் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினார். வீரம்மா பின்னால் இரண்டு பேருக்கும் நடுவே, தண்ணீர் வாளியோடு உட்கார்ந்தாள்.

டிரைவர் வழக்கம்போலப் பின்பக்கம் வந்து, மழைக்கு மூடுகிற படங்கை இறக்கிக் கட்டப்போனான். "நோயாளிங்களாச்சே, காத்தடிக்கும்," என்றான் அக்கறையாக.

"வேணாந்தம்பி," என்றாள் வீரம்மா. "தெறந்தே கெடக்கட்டும். காத்து வரட்டும்."